அப்புறமும் அதனாலும்

சின்னவள் இதுவரை வென்றவை என்னென்ன என்று யாராவது கேட்டால், பெரியவள் கையிலிருக்கும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கத் தொடங்குவாள்.

சுண்டுவிரலுக்கு மூக்குக் கண்ணாடி. கரும்பலகை எல்லோருக்குமே பனிமூட்டமாகத்தான் தெரியும் என்று ஒன்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்த பெண் அவள். அதற்குள் மூன்று வகுப்பாசிரியர்கள் 'மந்தம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி போட்ட அன்று வாசலில் நின்று எதிர்ச்சுவரின் செங்கல்களை ஒன்றுவிடாமல் எண்ணினாள். மோதிரவிரலுக்கு அறிவியல் பிரிவு. ஆங்கிலத்தில் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியவளுக்கு அது எட்டாக்கனி என்றார்கள். அம்மா பள்ளி அலுவலகத்தில் நான்கு நாள் போய் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் அவளைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்துத்தான் இடம் கொடுத்தார்கள். நடுவிரலுக்கு வேதியியல் பட்டம். ஆள்காட்டி விரலுக்கு நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை; இரண்டு இடத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.

கட்டைவிரல் வரும்போது பெரியவள் சற்று நிறுத்துவாள். "கடைசியா ஒரு வார்த்தை. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினா."

இதென்ன பெரிய வெற்றி என்று கேட்டவர்கள் பார்ப்பார்கள். வாயால் சொன்னதைத் திரும்ப வாங்குவதே கல்லில் நார் உரிக்கிற வேலை. எழுதி, மேலாளர் கையெழுத்தும் விழுந்து, தலைமை அலுவலகம்வரை போய்விட்ட சொல்லைத் திரும்ப வாங்குவது என்றால் சும்மாவா? அந்தச் சொல் தவறிப்போனதற்குக் காரணம் தானேதான் என்பதையும் பெரியவள் அந்தக் கட்டைவிரலோடு சேர்த்துச் சொல்லிவிடுவாள். சொல்லாமல் ஒருநாளும் விரலை மடக்கியதில்லை.

பெரியவள் வேலை பார்ப்பது ஸ்டிக்கர் கடையில். சுருள் சுருளாக வண்ணத் தாள். இயந்திரம் அதில் எழுத்தை வெட்டிக் கொடுக்கும். எழுத்தில்லாத இடத்தை இடுக்கியால் உரித்தெடுத்து, எழுத்து மட்டும் நிற்கும்படி செய்வது அவள் பங்கு. ஆங்கில 'ஓ'வின் வயிற்றுக்குள் இருக்கும் துண்டை மறக்கக் கூடாது, 'ஐ'யின் தலைப்புள்ளி உதிர்ந்துவிடக் கூடாது. வண்டி எண், கடைப் பலகை, கண்ணாடிக் கதவு எதுவானாலும் அவள் ஒட்டினால் அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் நூலிழை பிசகாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆங்கில எழுத்துகள் அத்தனையும் தெரியும். அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது மட்டும் தெரியாது. அதுவே அவளுடைய பலம் என்பார் கடை முதலாளி.

"படிக்கிறவன் எழுத்தை விழுங்கிடுவான். பாக்கறவதான் எண்ணி ஒட்டுவா" என்பது அவர் பேச்சு. அந்தத் தெருவில் 'தள்ளு' என்பதையும் 'இழு' என்பதையும் கதவில் மாற்றி ஒட்டாத ஒரே ஆள் பெரியவள்தான். அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் உண்டு.

முதலாளிக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. வாடிக்கையாளர் கொடுத்த தாளை நகலெடுத்துக் கோப்பில் வைக்காமல் எந்த வேலையையும் தொடக் கூடாது. "நாளைக்கே வந்து எழுத்து மாறிப்போச்சுன்னு நிப்பாங்க. அப்போ நம்ம வாய் பேசக் கூடாது, அவங்க தாள் பேசணும்." பெரியவள் அந்தச் சட்டத்தை வேதவாக்காக வைத்திருந்தாள். அது ஒருநாள் தனக்கு எதிராகவே பேசும் என்று அப்போது தெரியாது.

வீடு ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டு அறை. அம்மா மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் மடிக்கும் வேலைக்குப் போவாள். அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதே அதிகம்.

சின்னவள் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது மாதம், செய்முறை நோட்டு சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. கணக்கெல்லாம் சரி, முடிவெல்லாம் சரி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஆங்கில 'ஸோ'வைச் சுற்றி வட்டம். ஓரத்தில் 'இது பேச்சா, எழுத்தா?' என்று ஒரு கேள்வி.

"எத்தனை வட்டம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஒன்பது ஸோ. நாலு பட்."

"ஒரே நோட்டுலயா? வண்டிக்கு ஹாரன் அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கியே."

"பேசும்போது எல்லாரும் அப்படித்தான்மா பேசறாங்க."

"பேசறதெல்லாம் எழுதினா நம்ம வீட்டுல நோட்டு தாங்குமா?"

அறிவியல் மாணவர்களுக்கென்று ஆங்கிலம் சொல்லித்தர ஒரு ஆசிரியை இருந்தார். எதைச் சொன்னாலும் 'ஆகவே' என்று முடிப்பதால் பிள்ளைகள் அவருக்கு ஆகவே மேடம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் வாக்கியங்களைக் கோக்கும் சொற்களைப் பற்றிப் பேசினார். "வீட்டுச் செருப்பு மோசமான செருப்பு இல்ல. ஆனா ஆசிட் சிந்துற எடத்துக்கு அதைப் போட்டுட்டு வர முடியாது. பட், ஸோ, தென் எல்லாம் வீட்டுச் செருப்பு. ஹவெவர், தேர்ஃபோர், சப்ஸிக்வென்ட்லி எல்லாம் மூடின ஷூ. ஆகவே, ஆய்வகத்துக்கு வரும்போது மாத்திட்டு வாங்க."

இடப்பக்கம் வீட்டுச் சொற்கள், வலப்பக்கம் ஆய்வகச் சொற்கள் என்று தன் கையால் எழுதிய தாள் ஒன்றும் வைத்திருந்தார். ஒரே தாள், முப்பது பேர். ஆளுக்கு ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதிக்கொண்டு மறுநாள் திருப்பித்தர வேண்டும்.

தாள் சின்னவள் முறைக்கு வந்த அன்று பெரியவளுக்கு ஒரு யோசனை வந்தது. "நோட்டுல எழுதினா நோட்டோட மூடிக்கும். அலமாரிக் கதவுல ஒட்டிட்டா தட்டு எடுக்கறப்பெல்லாம் கண்ணுல படும்ல?"

"கதவுலயா? அம்மா கொன்னுடுவாங்க."

"அம்மாவுக்குப் பிடிச்ச பச்சைக் கலர்ல வெட்டிட்டு வரேன். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அன்று மாலையே கடைக்குப் போய், சட்டப்படி முதலில் தாளை நகலெடுத்துக் கோப்பில் வைத்தாள். பிறகு எழுத்துகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் ஏற்றினாள். அப்போதுதான் ஒன்று கண்ணை உறுத்தியது. மேடத்தின் தாளில் இரண்டாவது வரியில் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. நான்காவது வரியில் வலப்பக்கம் வெறுமை. பல் விழுந்த வாய் மாதிரி பக்கத்துக்கொரு ஓட்டை. அவசரத்தில் எழுதியிருப்பார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள் பெரியவள். இடைவெளி சீராக இல்லாத பலகையை அவள் வாழ்நாளில் வெளியே அனுப்பியதில்லை. இரண்டு ஓட்டைகளையும் அடைத்து, சொற்களை மேலே தள்ளிச் சேர்த்தாள். எண்ணிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பதினான்கு, அந்தப் பக்கம் பதினான்கு. தராசுத் தட்டு மாதிரி நின்றது.

கதவில் ஒட்டி முடித்ததும் அம்மா தள்ளி நின்று பார்த்தாள். "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. யாருக்கு யாரு ஜோடி?"

"இடப்பக்கம் பொண்ணு, வலப்பக்கம் மாப்பிள்ளைன்னு வெச்சுக்கோம்மா" என்றாள் சின்னவள்.

அதன்பிறகு அந்த வீட்டில் சொற்கள் தட்டோடு சேர்ந்து வெளியே வந்தன. "யாரும் பாத்திரம் கழுவலை. தேர்ஃபோர் இன்னிக்கு அடுப்பு எரியாது" என்று அம்மா அறிவிப்பாள். அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. "வண்டி பஞ்சர். ஹவெவர் நாளைக்கு வந்துடுவேன்" என்று போனில் சொல்வார். சின்னவள் கதவைத் திறக்கும்போது ஒரு ஜோடி, மூடும்போது ஒரு ஜோடி என்று உருப்போட்டாள். அடுத்த நோட்டில் வட்டம் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் ஆண்டில் 'தெளிவாக எழுதுகிறாள்' என்று ஓரத்தில் வந்தது. அந்தப் பக்கத்தைப் பெரியவள் கடைக்கு எடுத்துப்போய் நகலெடுத்துக்கொண்டாள்.

ஓட்டையை அடைத்ததில் ஒரே ஒரு ஜோடிதான் மாறிப்போயிருந்தது. ஆனால் மாறியது அந்த மூன்று வருடமும் யார் கண்ணிலும் படவில்லை. ஏன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தால் விளங்கியது. கல்லூரிச் சோதனைகளில் ஒன்றுக்கு அப்புறம் நடப்பது பெரும்பாலும் அதனாலேயேதான் நடக்கும். அமிலத்தை ஊற்றினோம், அப்புறம் நிறம் மாறியது. அமிலத்தை ஊற்றினோம், அதனால் நிறம் மாறியது. எப்படிச் சொன்னாலும் குடி முழுகிப்போகாது.

ஆய்வகத்தில் அப்படி இல்லை.

அது ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. தொட்டி நீர், கிணற்று நீர், பாட்டிலில் அடைத்து விற்கும் நீர் எல்லாம் அங்கே வரும். கிருமி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். சின்னவளுக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதுவரை அவள் செய்த சோதனைக்கு அவள் கையெழுத்துப் போட முடியாது. தாளின் மூலையில் பென்சிலால் ஓர் எழுத்து மட்டும் போடலாம். கீழே கையெழுத்திடுகிறவர் மேலாளர். தசமப் புள்ளியைத் தவிர உலகத்தில் வேறெதையும் நம்பாதவர் என்பதால் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர்.

ஆறாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பாட்டில் கழுவும் வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன் ஒரு சோடா கம்பெனியில் இருபது வருடம் பாட்டில் கழுவிய கை. வந்த அன்றே எல்லோருக்கும் பாட்டில் அண்ணன் ஆகிவிட்டார். அன்று எடுத்த மாதிரிகளில் மூன்று பாட்டில்களில், மறுநாள் எண்ணிப் பார்த்தபோது, கிருமி தாறுமாறாகக் கூடியிருந்தது. என்ன நடந்தது என்று வரிசையாக ஒரு குறிப்பு எழுதச் சொன்னார் புள்ளி சார்.

சின்னவள் ஆங்கிலத்தில் எழுதினாள். திங்கட்கிழமை புதிய ஊழியர் பாட்டில் கழுவும் பொறுப்பை ஏற்றார். அப்புறம், மூன்று பாட்டில்களில் எண்ணிக்கை கூடியது. அந்த 'அப்புறம்' வருமிடத்தில் அலமாரிக் கதவு கண்முன் வந்தது. இரண்டாவது வரி, இடப்பக்கம் 'தென்', வலப்பக்கம் 'கான்ஸிக்வென்ட்லி'. வலப்பக்கச் சொல்லை அப்படியே போட்டாள். புள்ளி சார் எண்களை இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்திட்டார். புதன்கிழமை குறிப்பு தலைமை அலுவலகம் போனது.

வியாழக்கிழமை மாலை சின்னவள் படியிறங்கும்போது பாட்டில் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, கிளம்பலையா?"

"கிளம்பச் சொல்லிட்டாங்கம்மா. நாளையிலேருந்து வர வேணாமாம். திங்கக்கிழமை வேற ஆள் வராங்களாம்."

"எதுக்கு?"

"நீங்க எழுதிக் கொடுத்த தாள்ல காரணம் உறுதியாயிடுச்சாமே. நான் கழுவினதாலதான் கிருமி வந்துச்சுன்னு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. ஆனா பாட்டில் தெரியும். மூணு தண்ணி ஊத்திக் கழுவினேன்."

"நான் அப்படி எழுதவே இல்லண்ணா."

"அப்போ யாரு எழுதினது?"

சின்னவள் நேரே வீட்டுக்கு வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் அடுக்களையில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்த பெரியவளிடம் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதோ பாரு, தென். இதோ கான்ஸிக்வென்ட்லி. நான் 'அப்புறம்'னுதானக்கா எழுதினேன்? அவங்க ஏன் 'அதனால'ன்னு படிக்கறாங்க?"

"அந்தப் பெரிய வார்த்தைக்கு அப்புறம்னுதான் அர்த்தமா?"

"உள்ள ஸீக்வென்ஸ் இருக்குல்ல. ஸீக்வென்ஸ்னா வரிசை. கீழ இருக்கற சப்ஸிக்வென்ட்லிலயும் அதேதான் இருக்கு. ரெண்டும் ஒரே குடும்பம்னு நெனச்சுட்டேன். போன்ல இப்போ பாத்தா இது அதனாலயாம்."

"ஒரே குடும்பம்னா நீயும் நானும்தான் ஒரே குடும்பம். உன் பரீட்சையை நான் எழுத முடியுமா?" என்று சொல்லிவிட்டாள் பெரியவள். சொன்ன வாய் மூடவில்லை, மேடத்தின் தாளில் இரண்டு ஓட்டைகள் இருந்தது நினைவுக்கு வந்தது.

"இரு, வந்துடறேன்."

கடை இன்னும் சாத்தவில்லை. முதலாளி, "என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?" என்று கேட்டார்.

"ஓட்டையை விடாம போயிட்டேண்ணா" என்று சொல்லிக்கொண்டே அவள் பழைய கோப்புகளை இறக்கினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்கு வருடத்துக் கோப்புகளில் ஒரு தாளை எடுக்க அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். 'ஸோ'வுக்கு எதிரே 'தேர்ஃபோர்'. அதன் கீழே இடப்பக்கம் வெறுமை, வலப்பக்கம் 'கான்ஸிக்வென்ட்லி'. அதாவது அந்தச் சொல்லும் 'ஸோ'வுக்கே சொந்தம். ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை. அடுத்த வரியில் 'தென்', எதிரே 'சப்ஸிக்வென்ட்லி'. அதன் கீழே 'ஆஃப்டர் தட்', எதிரே வெறுமை. அங்கே இரண்டு பெண்ணுக்கு ஒரே மாப்பிள்ளை. மேடம் அவசரப்படவில்லை. அந்த ஓட்டைகளும் எழுத்துதான். மேலே சொன்னதே இதற்கும் என்று சொல்லும் எழுத்து. அதைத் துடைத்தெடுத்துச் சீராக்கியவள் இவள்.

திரும்பி வரும் வழியில், டயர் கடை முனையில், பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். இந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டால் உலகத்தில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. சின்னவள் தான்தான் தப்பாகப் படித்தோம் என்று நினைத்துக்கொள்வாள். பதினோரு வருடமாக இந்தத் தெருவில் ஒரு எழுத்து பிசகாமல் ஒட்டியவள் என்ற பெயர் அப்படியே நிற்கும். வாடிக்கையாளரின் தாள் பேசட்டும் என்று முதலாளி சொன்னது காதில் கேட்டது. மூச்சை இழுத்துவிட்டு மாடியேறினாள்.

தாளைக் கதவில் வைத்துப் பிடித்தாள். சின்னவள் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு பார்த்தாள். ஒரு பார்வையில் புரிந்துவிட்டது.

"தப்பு உன் மேல இல்ல. நான் ஓட்டையை அடைச்சதுல வந்த வினை" என்றாள் பெரியவள்.

சின்னவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தாள். அவளோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள்.

"என்ன அப்பாடா?"

"எனக்கு மண்டையில ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன்க்கா. மூணு வருஷம் எழுதியும் ஏன் ஒரு தடவைகூட எனக்கு உறுத்தலைன்னு."

"நம்ம வாய்க்கே அது உறுத்தாதுடி. 'குளிச்சு சளி பிடிச்சுது'ன்னு சொல்றோம். குளிச்ச பிறகா, குளிச்சதாலயா?"

"ரெண்டும்தான்."

"அதான். நம்ம பேச்சுல ரெண்டும் ஒரே பாய்ல படுத்துக்கும். அவங்க பேச்சுல தனித்தனிப் பாய் போல."

விரிப்பு மடிக்கும் வேலையிலிருந்து வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அந்த மனுஷன் வீட்டுல இன்னிக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்?"

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சின்னவள் தயங்கினாள். தகுதிகாண் காலம் முடிய பத்தே நாள். குறிப்பின் கீழே இருப்பது புள்ளி சாரின் கையெழுத்து. குறிப்பு தப்பு என்றால் கையெழுத்தும் தப்பு என்றாகும். "ஆறு மாசம் அப்படியே தண்ணில போனாலும் போகும்க்கா."

"தண்ணி டெஸ்ட் பண்ற எடம்தானே, போனா அங்கயே கண்டுபிடிச்சுக்கலாம்" என்றாள் பெரியவள். சிரிப்பு வரவில்லை என்றாலும் இரண்டு பேரும் சிரித்துவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுத் துணைக்குப் போனாள். கீழ்ப்படியில், முந்தினநாள் பாட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கால் மணி நேரம் கழித்து சின்னவள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, உன்னைக் கூப்பிடறார்."

புள்ளி சாரின் அறையில் மேசை, தராசு, ஜன்னல் எல்லாமே சதுரமாக இருந்தன. அவர் பெரியவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் கதவுல ஒட்டினவங்களா?"

"ஆமா சார்."

"தாளைக் காட்டுங்க."

காட்டினாள். நகலின் மூலையில் அவள் போட்டிருந்த தேதி, வேலை எண், நிறம், அளவு எல்லாவற்றையும் அவர் படித்தார். பிறகு அந்த இரண்டு ஓட்டைகளையும் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார்.

"சார், அவ மேல தப்பு இல்ல" என்றாள் பெரியவள்.

"அது இருக்கட்டும்மா. நான் எதை யோசிக்கறேன் தெரியுமா? ஒரு எண்ணுக்குப் பக்கத்துல புள்ளி இடம் மாறியிருந்தா நான் பிடிச்சிருப்பேன். இந்த வார்த்தையை நான் படிச்சேன். 'அதனால'ன்னே படிச்சேன். ஆதாரம் எங்கன்னு கேக்கத் தோணவே இல்ல. புது ஆள், புதுத் தப்பு, சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்." அவர் குறிப்பின் நகலைத் தன் பக்கம் இழுத்தார். "இவங்க தெரியாம எழுதினாங்க. நான் தெரிஞ்சு ஒத்துக்கிட்டேன். யாரு தப்பு பெருசு?"

பதிலுக்குக் காத்திராமல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "கழுவறவரை நிறுத்தியிருக்கீங்கல்ல, அந்த நிறுத்தத்தை நிறுத்துங்க. வேற குறிப்பு வருது."

வேறு குறிப்பைச் சின்னவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'கான்ஸிக்வென்ட்லி' இருந்த இடத்தில் 'சப்ஸிக்வென்ட்லி'. அதோடு அவள் நிறுத்தவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தாள். ஹவெவர், இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும் சோதனை எதுவும் இதுவரை செய்யப்படவில்லை. புள்ளி சார் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "இந்த வரி முதல்லயே இருந்திருக்கணும்" என்றார். பிறகு, "சோதனையையும் பண்ணிடலாம். அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

பாட்டில் அண்ணன் அரை மணியில் வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று பெரியவளே அவருக்கு ஆதியோடந்தமாகச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு அவர் தலையைத் தடவிக்கொண்டார். அதில் தடவ முடி அதிகமில்லை.

"அப்புறத்துக்கும் அதனாலவுக்கும் நடுவுல என் வேலை மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க."

"ஆமாண்ணா. மன்னிச்சிடுங்க."

"எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு அப்புறம்தான் முடி கொட்டுச்சு. என் சம்சாரம் மேல எழுதிக் கொடுத்திருந்தா உண்மையாவாவது இருந்திருக்கும்."

சின்னவள் முந்தினநாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வந்தது. பாட்டில் அண்ணன் பதறிப்போய், "அட, விளையாட்டுக்குச் சொன்னேம்மா, அவளும் நல்லவதான்" என்றார்.

அவர் கழுவிய பன்னிரண்டு பாட்டில்களில் கிருமி நீக்கிய நீரை நிரப்பி வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணினார்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இன்னொரு பன்னிரண்டு வைத்துத் திங்கட்கிழமையும் எண்ணினார்கள். இருபத்து நான்கிலும் சுழியம். அந்த மூன்று பாட்டில்களும் எங்கே நிரப்பப்பட்டவை என்று தேடிப்போனால், மூன்றும் ஒரே குழாயடியில் நிரப்பியவை. குழாயின் உள்ளிருந்த ரப்பர் வளையம் நாள்பட்டு இற்றுப்போய், வழவழவென்று பாசி பிடித்துக் கிடந்தது. வளையத்தை மாற்றிய பிறகு எடுத்த நீரில் ஒன்றுமில்லை. இந்த முறை 'தேர்ஃபோர்' என்று எழுத சின்னவளுக்குத் தயக்கமே இருக்கவில்லை. பக்கத்தில் ஆதாரத்தையும் எழுதினாள்.

அன்று மாலை பெரியவள் கடையிலிருந்து சூடுகாட்டும் கருவியை இரவல் வாங்கி வந்தாள். ஒட்டி நான்கு வருடமான எழுத்து. சூடு காட்டி ஓரத்தைக் கிள்ளினால்தான் கதவுப் பூச்சையும் உரித்துக்கொண்டு வராமல் வரும். இரண்டாவது வரியில் 'தென்'னை உரித்தெடுத்து ஒரு படி கீழே இறக்கினாள். அதன் கீழிருந்த 'ஆஃப்டர் தட்'டையும், அதற்கும் கீழே இருந்த ஜோடிகளையும் ஒவ்வொரு படி இறக்கினாள். 'சப்ஸிக்வென்ட்லி' நகராமலேயே 'தென்'னுக்கு எதிரே வந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஓட்டைகளும் பழையபடி வந்து உட்கார்ந்தன. அளவுகோல் வைத்து ஓட்டைகளின் உயரத்தையும் சரிபார்த்தாள். அந்தப் பழக்கத்தை அவளால் விட முடியாது.

"இனிமேலாவது கதவைத் தொறந்து தட்டு எடுக்க விடுவீங்களா?" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் புள்ளி சார் சின்னவளை அழைத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஒரே மாதிரி மூணு கையெழுத்துப் போட்டுக் குடு. தலைமை ஆபீஸ்ல மாதிரி வேணுமாம்."

"சார், அந்தக் குறிப்பு?"

"ரெண்டு குறிப்பையும்தான் அனுப்பினேன். ரெண்டாவதைப் பாத்துட்டுத்தான் இதைக் கேட்டிருக்காங்க."

வீட்டுக்கு வந்து சின்னவள் பழைய நோட்டின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி போதுமா, வால் நீளமா என்று பார்த்தாள். ஏழாவது கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் முதல் எழுத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கொஞ்சம் ஓட்டை விழுகிறதே என்றாள் சின்னவள்.

"விழட்டும். அடைக்காதே."

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துத் தொட்டி நீர் வந்தது. சோதித்தாள், எண்ணினாள், எழுதினாள். குடிக்கத் தகுந்த நீர். மூலையில் பென்சில் எழுத்து இல்லை. தாளின் அடியில், நீல மையில், நடுவில் ஒரு சின்ன ஓட்டையோடு, அவள் பெயர். அதன் நகல் ஒன்று ஸ்டிக்கர் கடைக் கோப்பில் இருக்கிறது. அதில் பெயருக்குக் கீழே போட்டிருக்கும் தேதி: 12 நவம்பர் 2024, செவ்வாய்க்கிழமை.